கொசுவின் பெயரில் ஒரு வரி

வாயாடி என்று என்னைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். முன்கோபி என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார். பயந்தாங்கொள்ளி என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை தொடங்கி சனிக்கிழமை வரை நான் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷினுக்கென்று விட்ட இடத்தில் அதன் பக்கத்திலேயே ஒரு மேசையைச் செருகி, பதினாலு வருடமாக அதைத்தான் என் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சோற்றுக்கு, கடைகளுக்கு பில் போடுகிற கம்ப்யூட்டர் நிரல்கள் எழுதிக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் 'அணில்'. ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கிற குழாயின் மேல் கோடு கோடாக ஒரு லேபிள் ஒட்டுவார்களே, அதைப் படித்து இது இன்னாருடைய ரத்தம் என்று பரிசோதனை மெஷினுக்குச் சொல்கிற நிரல் அது. கோடு போட்ட முதுகு, அதனால் அணில்.

அது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். எடுத்துக்கொண்டார்கள், கேட்கவா வேண்டும்! பரிசோதனை மெஷின் விற்கிற கம்பெனிகள், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டன. 'எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்' என்று வெப்சைட்டில் ஒரு பட்டன் வைத்தேன். பதினாலு வருடத்தில் வந்தது காபித்தூளுக்குச் சரியாக இருந்தது, பாலுக்கு நான்தான் போட்டேன்.

இந்த வருடம்தான் விடிவு வந்தது. என்னுடையது போல நாதியில்லாமல் கிடக்கிற நிரல்களைத் தத்தெடுக்கிற ஒரு அறக்கட்டளை, அணிலைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றது. இனி அணில் அவர்கள் பெயரில் இருக்கும். கேஸ் வந்தால் அவர்கள் பார்ப்பார்கள். இரண்டு கம்பெனிகள் வருடா வருடம் அவர்களிடம் பணம் கட்டும், அதிலிருந்து எனக்குச் சம்பளம். அணிலுக்காக எனக்குச் சம்பளம்! கேட்ட சந்தோஷத்தில் வாஷிங் மெஷினை ஒரு தட்டு தட்டினேன், அது பாதியில் நின்றுவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வரியும் யார் எழுதியது, எந்த உரிமையில் கொடுத்தார்கள் என்று அவர்களுடைய வக்கீல் சரிபார்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் திருத்தம் அனுப்பியவர்கள் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் வக்கீலம்மா கடிதம் அனுப்பினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவன் கொசு. பிழை எங்கே இருந்தாலும் காதருகே வந்து ஙொய்ங் என்று சொல்லிக்கொண்டே இருப்பான், அடிக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. ஒருநாள் கோபத்தில் 'நீ என்ன கொசுவா?' என்று எழுதினேன். அன்றைக்கே தன் படத்துக்குப் பதில் ஒரு கொசுவை வரைந்து மாட்டிக்கொண்டான். ஏழு வருடமாகப் பழக்கம். மெயில், போன், அவ்வளவுதான். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருதரம்கூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் உலகத்தில் அது சகஜம்.

கொசு அப்படியொரு பரிசோதனை மெஷின் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வக்கீலம்மா கடிதம் வந்ததும் யோக்கியனாக அதைக் கொண்டுபோய் ஆபீஸில் காட்டி, முறைப்படி அனுமதி தாருங்கள் என்று கேட்டிருக்கிறான். அவர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அணிலில் இருநூற்று நாற்பது வரிகள் கம்பெனியினுடையவை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது, எனக்கு அவர்களிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் சொத்தை உங்கள் நிரலில் சேர்த்திருக்கிறீர்கள், இதைக் கொடுக்க உரிமை உண்டென்று உறுதி சொன்னவர் யார், ஏழு நாளில் விளக்கம் வேண்டும், இல்லையென்றால் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு.

எந்த இருநூற்று நாற்பது வரி என்று நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் திருத்தம் அனுப்பினாலும் அடியில் ஒரு வரி எழுத வேண்டும்: 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்கிறேன்.' கீழே பெயர். உறுதி வரி என்போம். கையெழுத்து மாதிரிதான், ஆனால் பேனா கிடையாது, வெறும் எழுத்து. யார் தட்டினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்தவர் பெயரில் தட்டக் கூடாது, அவ்வளவுதான் அதற்குப் பாதுகாப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். குளிரில் வைத்து எடுத்த குழாய்களில் லேபிள் ஈரத்தில் சுருங்கிவிடுகிறது, அணில் ஓர் எண்ணை விட்டுவிட்டுப் படிக்கிறது, இரண்டு பேருடைய ரத்தம் மாறிப்போனது, நல்லவேளை பார்த்துவிட்டோம். அடுத்த முறை யாராவது பார்ப்பார்கள் என்று என்ன நிச்சயம்? அன்று முழுக்க உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் கொசு ஆபீஸ் மெயிலிலிருந்து இருநூற்று நாற்பது வரி அனுப்பினான். 'அக்கா, இதே தொல்லைக்கு ஆபீஸ்ல எழுதினது. மேனேஜர்கிட்ட கேட்டுட்டு நாளைக்கு உறுதி வரியோட முறையா அனுப்புறேன். இப்போதைக்குப் பார்த்து மட்டும் வைங்க.'

நாளைக்காம், நாளைக்கு! அதற்குள் எங்கேயோ ஒருவருக்கு அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து ஊசி போட்டுவிட்டால்? எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவன் பெயரில் உறுதி வரியை நானே தட்டினேன். சேர்த்தேன். வெளியிட்டேன். நாளைக்குத்தான் அனுப்பப்போகிறானே, என்ன ஆகிவிடும் என்று போய்த் தூங்கினேன். மறுநாள் அவன் மனைவிக்கு, இன்னும் நாள் இருக்கும்போதே, முன்கூட்டியே பிரசவம். பெண் குழந்தை. ஒரு மாதம் அவன் மெயில் பக்கமே வரவில்லை. வந்து பார்த்தபோது திருத்தம் உள்ளே இருந்தது, அடியில் அவன் பெயர் இருந்தது. தானே அனுப்பியிருக்கிறோம் போல என்று விட்டுவிட்டான். நானும் மறந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்தேன். அப்படியே இருந்தது, 'நாளைக்கு' என்கிற சொல் உட்பட. அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. வாஷிங் மெஷின் முடிந்ததென்று கத்தியதில் தூக்கிவாரிப் போட்டது. கையை எடுத்துவிட்டேன்.

மத்தியானம் கொசு போன் செய்தான்.

"அக்கா, லேப்டாப்பை வாங்கி வச்சுக்கிட்டாங்க. இனிமே கூப்பிடும்போது வந்தா போதும்னுட்டாங்க."

"என்னதான்டா கேக்குறாங்க?"

"கம்பெனியோடதை உன்னோடதுன்னு எப்படி உறுதி குடுத்தேன்னு கேக்குறாங்க." குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்த வரியை நான்தான் போட்டேனா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மேனேஜர்கிட்ட கேக்கணும்னு நினைச்சது ஞாபகம் இருக்கு. கேட்டேனான்னு தெரியல. வரி போட்டது சுத்தமா ஞாபகம் இல்ல. பழைய மெயிலைப் பாக்கலாம்னா, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆபீஸ்ல வைக்கிறதே இல்லையாம். ஆனா வரி இருக்கே அக்கா! என் பேர்ல இருக்கே!"

அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. டேய், அது நான்டா. ஆனால் அந்த மெயில் உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

"உன் பேர்தானே இருக்கு," என்றேன்.

"ஆமா, இல்ல?" என்றான் சின்னக் குரலில். வைத்துவிட்டான்.

நான் சொன்னது பொய் இல்லை. அவன் பெயர்தான் இருந்தது. அவ்வளவு கேவலமான ஓர் உண்மையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை வக்கீலம்மா வீடியோவில் வந்தார். அவருக்குக் குரலே எழும்பாது. சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டே பேசுவார், அதுவே எனக்குக் கிலியாக இருக்கும்.

"பயப்படாதீங்க மேடம். அவர் தப்பா உறுதி குடுத்திருந்தா, அது அவருக்கும் கம்பெனிக்கும் நடுவுல. நீங்க நம்பி வாங்கினவங்க. அந்த வரிகளை எடுத்துட்டு வேற எழுதிடுங்க. கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த திங்கக்கிழமை கமிட்டி கூடுது, அணிலைச் சேர்த்துடலாம்."

"அவருக்கு என்ன ஆகும்?"

"வேலை போகும். பொய் உறுதின்னு எழுதிட்டா வேற இடத்துலயும் கஷ்டம்தான்." டீயைக் குடித்தார். "ஒருவேளை அவர் பேர்ல வேற யாராவது போட்டிருந்தா கதையே வேற. அப்போ நாங்க கிட்டவே வர முடியாது. நேரா உங்க மேலதான் பாய்வாங்க."

"என் மேலன்னா? அணில் மேலதானே?"

"அணில்னு சட்டத்துல யாருமே இல்லையே மேடம். சங்கமாப் பதிவு பண்ணல, கம்பெனியாப் பதிவு பண்ணல. வெப்சைட் உங்க பேரு. காபிக்காசு உங்க கணக்கு. அணில்னா நீங்க, உங்க சம்பாத்தியம், உங்க வீடு. வீடு உங்க பேர்லதானா?"

"எங்க ரெண்டு பேர் பேர்லயும்."

"ம்," என்று எதையோ குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்று துவாரம் வழியாகப் பார்ப்பேன். கூரியர்க்காரர் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தாலும் அவர் படி இறங்கும் வரை மூச்சு விடமாட்டேன். இருபது வருடக் கடன் போட்டு வாங்கிய வீடு. சமையலறையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கிறது, மாற்றச் சொல்லி எத்தனை நாள் கத்தியிருப்பேன். இப்போது அந்த ஓட்டைப் பார்த்தால்கூட அழுகை வந்தது. இருநூற்று நாற்பது வரிகளையும் எடுத்துவிட்டு வேறு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. கொசு எழுதியதே கண்ணுக்குள் நின்றது, அத்தனை சுத்தமாக எழுதியிருந்தான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். புதன்கிழமை சாப்பிடும்போது திடீரென்று கேட்டேன்.

"ஏங்க, நீங்க யாருக்காவது பதிலா கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"ஒருதரம். கூட வந்தவன் லிஃப்ட் கயிறைப் பார்த்துட்டேன்னான், செக்கிங் கார்டுல கையெழுத்துப் போடாமப் போயிட்டான். அவன் பேரை நான் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாலு நாள் வேலைக்குப் போற வழியில அந்தக் கட்டடத்துக்குப் போய் நானே அதுல ஏறி இறங்கிப் பாத்தேன். வாட்ச்மேன் என்னைத் திருடன்னு நினைச்சுட்டான்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "என்னடி ஆச்சு உனக்கு? ரெண்டு நாளாத் திட்டே விழல. உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க," என்று எரிந்து விழுந்தேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

அப்படியே வியாழன் போனது. எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும். எனக்கு வீடு போனால் போனதுதான். அணில் அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கே அங்கே ஒரு வேலை கேட்டு வாங்கித் தரலாம். எவ்வளவு தாராளம் பாருங்கள் எனக்கு! கன்னத்தில் அறைந்துவிட்டுக் களிம்பு வாங்கித் தருகிறேன் என்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை ஒரு தெரியாத எண்ணிலிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"அக்கா, நான் கொசுவோட வீட்டுக்காரி பேசுறேன்." தன் புருஷனை அந்தப் பெயரில் சொன்னதற்கு அவளே ஒருகணம் சிரித்தாள், அப்புறம் குரல் உடைந்தது. "நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பாரு. கொஞ்சம் பேசுங்கக்கா."

"வேலை விஷயமா?"

"வேலை போனாப் போகட்டும்னு நானே சொல்லிட்டேன். இது வேறக்கா. அவங்க அப்பாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுலயே மறதி நோய் வந்துச்சு. கடைசியில இவரையே யாருப்பா நீன்னு கேட்டாராம். அந்த வரி போட்டது ஞாபகம் இல்லன்னதும், தனக்கும் ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறாரு. திங்கக்கிழமைலேர்ந்து தூங்கல. அடுப்பை அணைச்சோமான்னு பத்துத் தடவை பாக்குறாரு. எல்லாத்தையும் துண்டு பேப்பர்ல எழுதி ஒட்டி வைக்கிறாரு. நேத்து பாப்பாவைக் கூப்பிடப் பேர் சட்டுனு வரல, எல்லாருக்கும் வர்றதுதானே அது? பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுறாரு."

சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை நிறுத்தினேன்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குத் தலைக்கு ஸ்கேன். ரிப்போர்ட்டையும் வச்சு, 'நான்தான் போட்டேன், எனக்கு மறதி நோய், மன்னிச்சிடுங்க'ன்னு கம்பெனிக்கு லெட்டர் எழுதி வச்சிருக்காரு. வேலையைப் பத்திக்கூட ஒரு வார்த்தை பேசலக்கா. பாப்பாவுக்கு மூணு வயசு, அவ ஸ்கூல் போறதாவது எனக்குத் தெரியுமான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது?"

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஐந்து நாள் நான் என் வீட்டுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவன் பயந்தது இதற்கு. 'உன் பேர்தானே இருக்கு' என்று நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தன் மூளையையே சந்தேகப்பட்டுவிட்டான். ஏழு வருடத்தில் நான் சொன்னது எதையும் அவன் அப்படி நம்பியதே இல்லை, புள்ளி முதற்கொண்டு எதிர்த்து வாதாடுவான். இதைப் போய் நம்பியிருக்கிறான், படுபாவி.

ஆனால் அப்படியே கிளம்பிவிட முடியாது. வீட்டில் பாதி என் வீட்டுக்காரருடையது. அவரைக் கேட்காமல் அவருடைய பாதியையும் சேர்த்துப் பணயம் வைத்தால், அதுவும் இன்னொருவர் பெயரில் நான் போடுகிற கையெழுத்துதான். அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். நின்றபடியே கேட்டார். முகம் வெளிறிப்போனது.

"வீடு போயிடுமா?" என்றார்.

"போகலாம். தெரியல."

"எனக்குப் பயமா இருக்கும்மா." நாற்காலியில் உட்கார்ந்தார். பதினெட்டு மாடி லிஃப்ட் கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிற மனுஷர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "காலைல நானே வண்டியில கொண்டுவிடுறேன். சொல்லிட்டு வா," என்றார்.

ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக ஒட்டிப் போட்டிருந்தன. முப்பது பேர் இருப்பார்கள். யார் கொசு என்று எனக்கு எப்படித் தெரியும்? நின்ற இடத்திலிருந்தே போன் போட்டேன். சுவரோரம், கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவனுடைய சட்டைப் பையில் அடித்தது. அவன் எடுக்கவில்லை. மடியில் ஒரு பேப்பரை வைத்து மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"கொசு," என்றேன்.

நிமிர்ந்தான். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா! நீங்களா? இவ்வளவு குள்ளமா நீங்க?" சிரித்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "உக்காருங்க. அணிலுக்குத் திருத்தம் அனுப்பினவங்க நாப்பத்தொரு பேர், இல்ல? பாக்காம எழுதிப் பாக்குறேன். முப்பத்தொம்பது வந்துடுச்சு. ரெண்டு வரமாட்டேங்குது. நீங்க சொல்லாதீங்க."

எனக்கே பத்துப் பேருக்கு மேல் ஞாபகம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர் அறையில் ஒரு நர்ஸ் யாருக்கோ ரத்தம் எடுத்துக் குழாயில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. போனில் அந்தப் பழைய மெயிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன்.

படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். மூன்றாவது தடவை உதடு அசையப் படித்தான். "'மேனேஜர்கிட்ட கேட்டுட்டு நாளைக்கு உறுதி வரியோட...' அக்கா, இதுல வரி இல்லையே."

"இல்ல. நீ போடல. நான் போட்டேன். உன் பேர்ல நான்தான் தட்டினேன்."

"நீங்களா?"

"ஆமாடா."

"அப்போ நான் மறக்கலையா?"

"நீ ஒண்ணையும் மறக்கல. நடக்காதது எப்படி ஞாபகம் இருக்கும்?"

திட்டுவான் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். அவனோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான், அப்புறம் அது அழுகையாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துப்போனதாக நினைத்து எழுந்து இடம் விட்டார்கள். மனைவிக்குப் போன் போட்டு, "ஏய், நான் மறக்கலையாம்! எனக்கு ஒண்ணும் இல்லையாம்! அக்கா போட்டதாம்!" என்று கத்தினான். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கும் கேட்டது. "அப்பா மாதிரி இல்ல, அப்பா மாதிரி இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்க்கா," என்றான். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு மெல்லக் கையை எடுத்துக்கொண்டான்.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"திங்கக்கிழமை."

"நான் போன் பண்ணினதுக்கு அப்புறமா?"

"முன்னாடியே."

"உன் பேர்தானே இருக்குன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

தலையாட்டினான். எழுந்து, எங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியை விட்டு அடுத்ததில் போய் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அங்கேயே எழுதினேன். கம்பெனிக்கும் வக்கீலம்மாவுக்கும் சேர்த்து ஒரே மெயில். 'அந்த உறுதி வரியை எழுதியது நான். அவர் அல்ல. அவருடைய அனுமதியும் இல்லை. அவர் அனுப்பிய மெயிலைக் கீழே இணைத்திருக்கிறேன்.' அடியில் என் முழுப் பெயரைத் தட்டினேன். இதை அனுப்பினால் அணில் அறக்கட்டளைக்குப் போகாது. அவர்கள் நேராக வீட்டுக்கு வருவார்கள். கீழே வண்டியோடு நிற்கிற மனுஷருக்கு நான் என்ன பதில் சொல்வது? தைரியம் வரவில்லை, வரும் என்று காத்திருந்தால் சாயங்காலம் வரை அந்த நாற்காலியிலேயே இருந்திருப்பேன். எழுதியதை அவன் பக்கம் நீட்டினேன்.

"பாத்துக்கோடா. அனுப்பட்டுமா?"

அவன் பார்க்கவில்லை. "என்னை ஏன்கா கேக்குறீங்க?" என்றான். "போன தடவை கேக்கலையே."

அனுப்பினேன்.

போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் அவனுடைய உண்மையான பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டேன். எழுந்து போய், ஸ்கேன் வேண்டாம் என்று கவுண்டரில் சொன்னான். பிறகு என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.